புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

ராஜாக்கண்ணு துப்பாக்கிக் குழலை மூன்றாவது தடவையாக வெயிலில் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கி பழுது பார்ப்பதில் தேர்ந்த கை என்று கலசப்பாக்கத்திலிருந்து அவரை ஜீப் வைத்து மலைக்கு வரவழைத்திருந்தான் மாதையன். நாளைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற நம்பர் குழலிலும் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். குழலில் நம்பரையே காணோம்.

"கொழல் மேல மெட்ராஸ் கம்பெனி பேரு கீதுங்களே. அவங்களக் கேட்டா இது அந்த நம்பரு துப்பாக்கிதான்னு சொல்லமாட்டாங்களா?" என்றான் மாதையன்.

"அது செஞ்ச கம்பெனி இல்ல கவுண்டரே, வித்த கடை. எவனோ மொத்தமா செஞ்சி அனுப்புவான். கடைக்காரன் தன் பேரப் பொறிச்சி சல்லிசா விப்பான். அந்தக் கடைய மூடியே எத்தினியோ வருசமாச்சி. இன்னிக்கி இது பழைய இரும்பு வெலைக்குக்கூடப் போவாது."

மாதையனுக்கு முகம் செத்துவிட்டது. அப்பா காலத்திலிருந்து அந்தப் பேரைச் சொல்லித்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்கள். விலை கிடக்கட்டும். சாமை அறுப்புக்கு இன்னும் பத்து நாள். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் பன்றிக்கூட்டம் அடுத்த மலைக்கு ஓடும். இது இல்லாவிட்டால் கொல்லையில் ஒரு கதிர் மிஞ்சாது.

"நம்பரு இல்லன்னா இன்னா பண்ணுவாங்க?"

"துப்பாக்கியப் புடிங்கிக்குவாங்க. திருட்டுத் துப்பாக்கின்னு கேசு போட்டாலும் போடுவாங்க." ராஜாக்கண்ணு விரலால் தடவினார். "கடைக்காரன் பேர ஆழமா வெட்டிக்கீறான், நம்பர மேலாக்க கீறி வுட்டுக்கீறான். இந்தா, ஒரு நாலும் பாதி எட்டும் தெரியுது பாரு. இத வெச்சி மனு போடலாம். யாரும் கை வெக்காதீங்க."

மாதையனுக்கு உயிர் வந்தது. துப்பாக்கியை வாசலில் சாய்த்துவிட்டு, அவரை ஜீப் ஏற்றிவிடப் போனான். வழியில்தான் அவர் கேட்டார்: "நம்பரு துருப்புடிச்சி போன மாதிரி தெரியிலியே. யாராவது தேய்ப்பீங்களா?"

மாதையன் நின்றுவிட்டான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, பொங்கலுக்குப் பொங்கல், சாமி முன்னால் அரிவாளோடு துப்பாக்கியையும் வைக்க வேண்டுமென்று பச்சையம்மா அதைத் துலக்குவாள். பித்தளைக் குடத்தைத் துலக்குகிற மாதிரி, புளியும் செங்கல் பொடியும் போட்டு. ஒரு வருஷம்கூட அவன் வேண்டாமென்று சொன்னதில்லை. பளபளப்பைப் பார்த்துப் பூரித்துத்தான் போயிருக்கிறான்.

ஜீப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

துவைக்கிற கல்லருகே உட்கார்ந்திருந்தாள் பச்சையம்மா. மடியில் துப்பாக்கி, கையில் புளிச்சக்கை.

"நாளைக்கி ஆபீசருங்க பாக்கறது, அழுக்கோடவா எடுத்துனு போறது?" என்று நிமிர்ந்து சிரித்தாள். "நல்லா கீதாங்க?"

நாலும் பாதி எட்டும் தெரிந்த இடத்தைப் பார்த்தான். புளி அப்பிக் கிடந்தது.

"இன்னா, அப்டியே நிக்கறீங்க? தண்ணி ஊத்துங்க."

அவன் சொம்பை எடுத்து ஊற்றினான். புளித்தண்ணீர் செம்மண் நிறத்தில் வழிந்து போக, கடைக்காரன் பேர் மட்டும் வெயிலில் மின்னியது.