உப்புத்தண்ணி ஊசி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மலரில் ‘ஆட்டுத்தசையில் அற்புதம்: தமிழ் விஞ்ஞானியின் சாதனை’ என்று முக்கால் பக்கம் எழுதினேன். டாக்டர் ஜீவானந்தனின் ஹார்மோன் ஊசியால் ஆட்டின் தசை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வளர்கிறதாம். ஆடுகளை நான் நேரில் பார்க்கவில்லை. டாக்டர் அனுப்பிய படத்தில் பார்த்தேன். படத்திலும் டாக்டர்தான் பெரிதாக இருந்தார்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘ரெம்பாவ் மலைகளின் மேல் பனி மெல்லக் கலையும் அதிகாலையில் மங்கம்மா’

(அடித்துவிட்டேன். மங்கம்மா அதிகாலையில் மலையைப் பார்ப்பதில்லை. ஆட்டுப் புழுக்கை கூட்டுகிறார்.)

பிறகு இப்படி:

‘கண்ணில் ஆயிரம் கனவுகளோடு மயூரி அந்த ஆய்வுக்கூடத்தில்’

(இதையும்தான். இந்த மாதிரி வாக்கியங்களை எழுதித்தான் எனக்கு இரண்டு பொன்னாடை கிடைத்தது.)

நேராகவே சொல்கிறேன். ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பல்கலைக்கழகம் ஒன்று ஆட்டுக்கொட்டாய் கட்டி ஆராய்ச்சி நடத்தியது. தலைவர் ஜீவானந்தன். அவருடைய தாத்தா அதே தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. இதையும் என் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தேன். மயூரி அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவி. மங்கம்மா ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாள்; ஐம்பத்து மூன்று வயது, தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு.

3

(தசையைப் பற்றிக் கொஞ்சம். கட்டுரை எழுதியபோது எனக்கு இதுவும் தெரியாது. தசை என்பது நார்க்கட்டு. சில நார்கள் சிவப்பு: மெதுவாக இயங்கும், சீக்கிரம் களைக்காது. சில வெளுத்தவை: சட்டென்று இழுக்கும், சட்டென்று களைக்கும். குட்டி பிறந்த பிறகு நார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு நாரும் பருக்கிறது. பருக்கச் சொல்லி உடம்புக்குள் செய்தி கொண்டுபோகும் ஹார்மோன்களில் சில சின்னப் புரதத் துண்டுகள். வாய்வழி கொடுத்தால் வயிறு செரித்துவிடும். அதனால் ஊசி.)

இருபத்து நான்கு ஆடுகள். காதில் மஞ்சள் பட்டை போட்ட பன்னிரண்டுக்கு ஹார்மோன். நீலப் பட்டை போட்ட பன்னிரண்டுக்கு வெறும் உப்புத்தண்ணி. இரண்டுக்கும் ஒரே தீனி போட்டால்தான் ஒப்பிட முடியும். இது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். டாக்டருக்கும் புரிந்திருந்தது. அதனால்தான் அவர் இரண்டாவது வாரம் மங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, நீலத்துக்குப் பாதி தீனி போதும் என்றார்.

4

கட்டுரை வந்து இரண்டு வாரம் கழித்து மங்கம்மா சிரம்பானில் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் அந்த ஞாயிறு மலர்.

“நீங்கதான இத எழுதுனது?”

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

“நீல ஆடெல்லாம் மெலிஞ்சு கெடந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. எப்படி சார் மெலியும்? டாக்டரு பாதி தீனிதான் போடச் சொன்னாரு. பசியில கத்துதுங்க. டாக்டரு காரு கெளம்புனதும் நான் மீதிப் புண்ணாக்கையும் அள்ளிப் போட்டுருவேன். தெனமும்.”

“டாக்டருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா வேல போயிரும்லா.”

“அப்போ எடை?”

“மயூரி பொண்ணுதான் நிறுத்து எழுதுச்சு. மஞ்சளும் நீலமும் ஒரே கனம்தான் சார்.”

புரிகிறதா? டாக்டர் ஏமாற்றத் திட்டம் போட்டார். மங்கம்மாவின் இரக்கம் அதைக் கெடுத்தது. எதிர்பார்த்த வித்தியாசம் வராததால் டாக்டர் எண்களையே மாற்றிவிட்டார். நீலத்துக்குப் போன தீனிக்கு அளவே இல்லாததால், ஊசி வேலை செய்ததா இல்லையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நான் மட்டும் முக்கால் பக்கத்தில் சொல்லிவிட்டேன்.

“கடைசியில வெட்டித்தான தசையச் சோதிப்பாங்க? அந்த ஆட்டுக்கு எதுக்கு இவ்ளோ?” என்றேன்.

மங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெட்டப் போறதுன்னா பட்டினி போடணுமா?”

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல மனுஷியை வாசகர் நம்புவாரா? அவருக்கு ஒரு குறை வைக்கலாமா என்று

(வேண்டாம். குறை இருக்கிறது. ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் என்று அவரே சொன்னார்.)

6

இரண்டு பேரும் மயூரியைப் பார்க்கப் போனோம். பல்கலைக்கழகக் கேன்டீனில் நான் வாங்கிக் கொடுத்த தே தாரிக் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள்.

“டாக்டர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில என் பேரும் இருக்கு, அங்கிள். நம்பர் மாறினது பார்த்ததுமே தெரியும். கேட்டேன். ‘உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா வேணாமா’ன்னு கேட்டாரு.”

“நீ எழுதுன நோட்டு இருக்காம்மா?” என்றார் மங்கம்மா.

“இருக்கு, ஆன்ட்டி. ஆனா அதக் காட்டினா, எப்படி ரெண்டும் சமமா வந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்க மாட்டிக்குவீங்க.”

“நான் மாட்டுனா மாட்டிக்கிறேன். நீ நோட்ட எடு.”

மயூரி பையைத் திறந்தாள். நோட்டை எடுத்து மங்கம்மாவின் முன்னால் வைத்தாள்.

7

நோட்டோடு பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தோம். விசாரணைக் குழுவில் மூன்று பேராசிரியர்கள். ஏசி அறை, மினரல் வாட்டர், பிஸ்கட். அரைநாள் கூடினார்கள். முடிவு: டாக்டர் ஜீவானந்தனிடம் ‘பதிவுகளைக் கையாள்வதில் கவனக்குறைவு’, எச்சரிக்கைக் கடிதம். மங்கம்மா ‘ஆய்வு நெறிமுறையை வேண்டுமென்றே மீறியவர்’, வேலை நீக்கம்.

ஆட்டுக்குத் தீனி போட்டது நெறிமுறை மீறல். போடாதே என்று சொன்னது எந்தக் கடிதத்திலும் இல்லை.

மயூரி டாக்டரின் ஆய்வுக் கட்டுரையிலிருந்து தன் பெயரைத் தானே நீக்கச் சொன்னாள். இரண்டு வருஷ உழைப்பு போனது. இப்போது வேறொரு பேராசிரியையிடம் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். புது ஆடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. நான் நாளிதழுக்கு மறுப்பு எழுதி அனுப்பினேன். ‘சமூகத்துக்கு நல்ல சேதிதானே சார் வேணும்’ என்றார் ஆசிரியர். வெளிவரவில்லை.

8

முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

அ) டாக்டர் ஒருநாள் மங்கம்மாவின் வாசலில் வந்து மன்னிப்பு (சிரிப்பு வருகிறது.)

ஆ) மங்கம்மா கண்ணீரோடு கொட்டாயைத் திரும்பிப் பார்த்து

செண்டாயானில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் இப்போது மங்கம்மாவுக்கு வேலை. அங்கே போய் இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முடிவு வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“நான் எப்ப அழுதேன்? அத அடிங்க.”

அடித்தேன். “டாக்டரோட பேர மாத்தித்தான் எழுதியிருக்கேன், மங்கம்மா. ஜீவானந்தன்னு.”

“ஏன்?”

“கேஸ் போட்டுருவாரு. உங்க பேரையும் மாத்திரவா?”

“என் பேர எதுக்கு மாத்தணும்? நான்தான தீனி போட்டேன்.”

இதற்கு மேல் நான் எழுதவில்லை. டாக்டரின் உண்மையான பெயருக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

டாக்டர் ……………………………