இன்னொரு கால் சுற்று

ஓசூர் ரோட்டில் புதிதாக எழும்பிய சாஃப்ட்வேர் கட்டடத்தில் லாபி சூப்பர்வைசர் வேலை ஞானசேகரனுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, வாயில் முன்பல் இருக்கவேண்டும். பொம்மசந்திரா ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டர். 2002-இல் அது மூடியபோது அவருக்கு மிஞ்சியது, ஸ்பானர் வழுக்கி இரண்டு பல் போன ஓட்டை.

அவர் இறுக்கிய போல்ட்டைக் கழற்ற வெல்டிங்காரன் வரவேண்டும். பஸ்ஸில் முன்சீட்டு ஆடினால் இறுக்கிவிட்டுத்தான் இறங்குவார். அப்படி ஒரு பஸ்ஸைப் பழைய இரும்புக்கு உடைத்தபோது அந்தச் சீட்டு மட்டும் தனியாக நின்றதாம். கண்டக்டர் பழக்கதோஷத்தில் அதனிடம் டிக்கெட் கேட்டாராம்.

பிரேசர் டவுன் பல் டாக்டர் சங்கமித்ரா, தாடை எலும்பில் செயற்கைப் பல்லுக்கு வேராக இரண்டு இம்ப்ளாண்ட் பதித்து, நாலு மாதம் ஆறவிட்டுக் கூப்பிட்டார்.

"மேல பல்லை ரெண்டு விதமா மாட்டலாம் சார். சிமெண்ட் வெச்சு ஒட்டினா அழகா இருக்கும். ஆனா மிச்ச சிமெண்ட் ஈறுக்குள்ள தங்கினா சீழ் வெக்கும், கழட்றதும் கஷ்டம். ஸ்க்ரூன்னா எப்ப வேணா கழட்டலாம். பின்பக்கம் சின்ன ஓட்டை, அடைச்சுடுவேன்."

"கழட்ட முடியாததெல்லாம் ஒரு வேலையா மேடம்? ஸ்க்ரூவே போடுங்க."

டாக்டரின் குட்டி ஸ்பானர் 'கிளிக்' என்றதும் நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார். அதுக்கு மேல கூடாது."

ஞானசேகரனுக்கு மனசு ஆறவில்லை. அவருடைய ஃபேக்டரியில், இறுக்கி முடித்தபின் கம்பெனிக்காக இன்னொரு கால் சுற்று கொடுப்பது வழக்கம். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். ஞாயிறு காலை, மனைவி யசோதாவின் தையல் மெஷின் ஊசியை ஸ்க்ரூ தலைக்குப் பொருந்த ஆறு பட்டையாக ராவி, அடைப்பைத் தோண்டிவிட்டுக் கண்ணாடி முன் நின்றார்.

"இன்னா பண்றீங்க வாய்க்குள்ள?" என்றாள் யசோதா.

"மெயின்டெனன்ஸ்."

"ஃபேக்டரியையும் இப்டித்தானே மெயின்டெனன்ஸ் பண்ணி மூடினீங்க."

டக். ஒரு ஸ்க்ரூ உடைந்தது. மற்றதாவது உறுதியாக இருக்கட்டும் என்று அதையும் இறுக்கினார். டக். இரண்டு பல்லும் உள்ளங்கையில் விழுந்தன.

திங்கள் காலை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "துண்டு உள்ள மாட்டிக்கிச்சு. வரலைன்னா இம்ப்ளாண்ட்டையே குடைஞ்சு எடுக்கணும், மறுபடி மாசக்கணக்காகும். உங்களுக்கு சிமெண்ட்டே வெச்சிருக்கணும் சார். சீழ் வெச்சிருந்தாலும் உங்க கை எட்டியிருக்காது."

அங்கிருந்து வேலைக்குப் போனால், ஞானசேகரன் வயதில் பாதியே இருந்த மேனேஜர் கிஷோர், அவர் வாயை ஒருதரம் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க பேஸ்மென்ட்" என்றான். லாபியில் அவர் இடத்தில் நாணு என்று ஒரு பையன் நின்றான். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியாது. பல் முப்பத்திரண்டும் இருந்தது.

கீழே ஜெனரேட்டர் ரூமில் ஞானசேகரன் நாள் முழுக்க வாய்விட்டுத் திட்டினார், கிஷோரை, டாக்டரை, தன் கையை. ஜெனரேட்டர் இரைச்சலில் ஒரு வார்த்தையும் வெளியே கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அந்த விரிந்த வாயை மட்டும் பார்த்தவர்கள், பல் இல்லாவிட்டாலும் சிரித்தமுகமான ஆள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.