கம்பியில் குத்திய காகிதம்

பாதி இறக்கிய லாரியை அப்படியே விட்டுவிட்டு, லிங்கராஜ் கடை ஷட்டரை இழுத்துத் தரையோடு அறைந்தான்.

தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு நின்ற செல்லப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணாச்சி, இன்னும் நாப்பது பெட்டி கெடக்கு."

"எதுத்த கடையில இறக்கி வை."

"அவருக்கும் நமக்கும் பேச்சே கெடையாதே."

"அப்ப ரோட்டுல வை. ஏலே, சாவிய எங்க?"

"ஒங்க கையிலதான் இருக்கு."

உடன்குடி பஜாரில் சனிக்கிழமை பட்டப்பகலில் ஒரு ஷட்டர் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு. பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து, யாருக்கு என்ன என்று கண்ணாலேயே கேட்டார்கள். லிங்கராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினான்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஆனி போன் செய்திருந்தாள். தூத்துக்குடி டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ்.

"அண்ணாச்சி, அக்கா இன்னைக்கும் வரலியே. உடம்புக்கு எதுவும் முடியலையா?"

"என்னம்மா சொல்லுத? காலைல ஆறரை வேனுல நாந்தான ஏத்திவிட்டேன்."

"வேன் வந்துச்சு. மத்த நாலு பேரும் வந்துட்டாங்க. அக்கா மட்டும் வாசல்ல எறங்கி, ஒரு ஆட்டோவுல ஏறிப் போயிட்டாங்களாம்." கொஞ்சம் தயங்கினாள். "வியாழக்கிழமையும் வரல அண்ணாச்சி. சொந்தத்துல ஒரு சாவு, துட்டி வீட்டுக்குப் போறேன்னு போன்ல சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது. வியாழக்கிழமை புதுக் கருப்பட்டி முதல் லோடு வந்த நாள். அவள் எப்போது போனாள், எப்போது வந்தாள், கால் வீங்கியிருந்ததா, எதையும் அவன் பார்க்கவில்லை.

அவன் மனைவி சந்தனச்செல்வி மிஷினில் கடைசியாகப் படுத்தது செவ்வாய்க்கிழமை. இன்று சனி.

"தண்ணி நெஞ்சுல ஏறும். மூச்சு முட்டும்," என்றாள் ஆனி. "பொட்டாசியம் ஏறிட்டா அதுவும் இல்ல, சொல்லாமக் கொள்ளாம இதயம் நின்னுரும். நாலு மணிக்கு ஒரு மிஷின் ஒழியும். பிடிச்சு வைக்கேன். அதுக்குள்ள கூட்டிட்டு வந்திருங்க."

செல்வியின் போன் அணைத்துக் கிடந்தது. வேன் டிரைவர் நம்பர் எழுதிய சீட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கும் கம்பியில் இருந்தது. அந்தக் கடைக்குள் வந்த எந்தக் காகிதமும் வெளியே போனதில்லை. பில், கல்யாணப் பத்திரிகை, மாத்திரைச் சீட்டு, எதுவானாலும் கை தானாகத் தூக்கிக் கம்பியில் குத்திவிடும். ஆயுத பூஜையன்று பழைய கம்பியை இறக்கி, உருவி, சந்தனம் குங்குமம் வைத்துக் கட்டிப் பரணில் போடுவது செல்வியின் வேலை. ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் லிங்கராஜ் அந்தச் சீட்டைக் கிழித்தெடுத்து டிரைவரைக் கூப்பிட்டிருந்தான்.

"கடலப் பாத்துட்டு வாரேன்னு சொன்னாங்க அண்ணாச்சி," என்றான் டிரைவர். "நான் வேடிக்கைக்குன்னு நெனச்சேன்."

எந்தக் கடல்? எட்டு மாதமாக வாராவாரம் புதன்கிழமை அவளைக் கூட்டிப்போன கடற்கரைகள் ஐந்தாறு இருக்கும். மணப்பாட்டு டீக்கடைக்குப் போன் போட்டான். அங்கே வரவில்லை. அப்படியானால் வடக்கே. திருச்செந்தூர் தாண்டும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

காயல்பட்டினம் கடற்கரையில் காரை நிறுத்தி மணலில் இறங்கி ஓடினான். வெயிலில் ஒரு ஜீவனும் இல்லை. கரையோரம் முழுக்க இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தேடிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது போன் அடித்தது. மகள் சண்முகப்ரியா, மதுரையிலிருந்து.

"அப்பா, அம்மா போன எடுக்க மாட்டேங்காங்க."

"மிஷின்ல படுத்திருப்பா."

"இந்நேரம் முடிஞ்சிருக்குமே."

"இன்னைக்கு லேட்டா ஆரம்பிச்சாங்களாம்." பொய் அவன் வாயில் தடங்கலில்லாமல் வந்தது.

"சரி. மூணு மணிக்கு என்னைய உள்ள கூப்பிடுவாங்க. தனியா உக்கார வச்சுக் கேப்பாங்களாம், ஒன் சம்மதத்துலதான் கிட்னி குடுக்கியான்னு. ஆமான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாச்சுன்னா தேதி குறிச்சிருவாங்க. ஒரு வார்த்த அம்மாட்டப் பேசணும்னு தோணுச்சு. பயமாத்தான்ப்பா இருக்கு."

"ம்," என்றான் லிங்கராஜ்.

அவளுக்கு இருபத்திமூன்று வயது. மதுரையில் வேலை. யாருக்கும் சொல்லாமல் தானே போய் எல்லா டெஸ்டும் எடுத்து, பொருந்துகிறது என்று உறுதியான பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வந்து நின்றாள். செல்வி சண்டை போட்டாள், அழுதாள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "வேற யாரும்மா இருக்கா? அப்பாவுக்குத்தான் ஒத்து வரலியே," என்று ஒரே வரியில் அவள் வாயை அடைத்துவிட்டாள் ப்ரியா. லிங்கராஜ் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

அந்தத் தனியறையை அவனுக்குத் தெரியும். போன ஆடி மாதம் அவனையும் அதில் உட்கார வைத்துக் கேட்டார்கள். கால் மணி நேரம். பிறகு டாக்டர் வெளியே வந்து, "இவர் கொடுக்க முடியாதும்மா, வேற வழி பாப்போம்," என்று செல்வியிடமும் ப்ரியாவிடமும் சொன்னார். செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கு நீங்க என்ன செய்வீங்க, விடுங்க," என்றாள்.

அடுத்த புதன்கிழமையே மணப்பாடு.

கல்யாணமாகி இருபத்தி நான்கு வருஷத்தில் ஒரு விசேஷத்துக்குக்கூடச் சேர்ந்தாற்போல் அரைநாள் கடையைப் பூட்டாதவன், அன்று மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு அவளைக் காரில் ஏற்றினான். கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கடலைப் பார்த்ததோடு சரி, கடலுக்கென்றே அவள் போனது அதுதான் முதல் தடவை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அவளுக்கு அளவு. "இம்புட்டையும் குடிச்சிருவேன் பாத்துக்கிடுங்க," என்று கடலைக் காட்டிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பிறகு ஒவ்வொரு புதனும். இளநீர் கூடாது, பதநீர் கூடாது, நுங்கு கூடாது. கடல் மட்டும்தான் டாக்டர் கூடாது என்று சொல்லாதது.

ஒரு தடவை லீவு போட்டுவிட்டு ப்ரியாவும் வந்தாள். புன்னைக்காயலில் ஒரு வள்ளத்தில் ஏறி, ஆறு கடலில் விழுகிற இடம் வரை போய்வந்தார்கள். அம்மாவின் இடது கையில் ஊசி போடுவதற்காகப் பெரிதாக்கி வைத்த நரம்பில் ப்ரியா காதை வைத்துப் பார்த்து, "அம்மா, உள்ள லாரி ஓடுது," என்றாள். "ஒங்கப்பா லோடாத்தான் இருக்கும், எறக்கச் சொல்லு," என்றாள் செல்வி. கரையில் இறங்கும்போது ஓர் அலை லிங்கராஜின் வேட்டியை உருவிக்கொண்டு போய்விட்டது. உடன்குடி பஜாரில் எல்லோரும் எழுந்து நின்று பேசுகிற மனுஷன், அரைக்கால் டிராயரோடு வேட்டியைத் துரத்தி ஓடியதைப் பார்த்து அம்மாவும் மகளும் மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று திரும்பி வரும்போது செல்வி சொன்னாள்: "சீக்கு வந்ததுக்கு அப்புறந்தான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு."

லிங்கராஜுக்கு இப்போது திடீரென்று அது நினைவுக்கு வந்தது. புன்னைக்காயல்.

ஆத்தூரில் பாலம் வேலை. வரிசையில் நின்ற வண்டிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தான். கிளை ரோட்டில் திரும்பி, மாதா கோயிலைத் தாண்டி, வலைகள் காயும் இடத்துக்கு வந்தபோது இரண்டு பத்து. தூத்துக்குடிப் பதிவெண்ணோடு ஓர் ஆட்டோ நின்றது. டிரைவர் எழுந்து ஓடி வந்தான்.

"நீங்கதான உடன்குடி அண்ணாச்சி? நான் ரெக்சன். அக்கா காலைல இருந்து இங்கனதான் இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, அவரு வருவாருன்னு சொல்லுதாங்க. நம்பர் குடுங்க நான் கூப்பிடுதேன்னா, கூப்பிட்டா வரக்கூடாது, அவரா வரணும்ங்காங்க. எனக்குப் பயந்து வருது. விட்டுட்டுப் போவவும் மனசு வரல."

கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் செல்வி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. வீங்கிய காலில் நுழையாத செருப்பு பக்கத்தில் தனியாகக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

"ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா? எந்தி. நாலு மணிக்கு மிஷின் சொல்லி வச்சிருக்கு."

"கடைய யாரு பாத்துக்கிடுதா?"

"பூட்டிட்டேன்."

"சனிக்கிழமையிலயா." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "லோடு வந்திருக்குமே."

"ரோட்டுல கெடக்கு. எந்திளா."

"மணி என்ன?"

"ரெண்டே கால்."

"ப்ரியா மூணு மணிக்கு உள்ள போறா. அவள வேண்டாம்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா வாரேன்."

"நான் சொன்னா கேப்பாளா? நானா குடுன்னு சொன்னேன்? அவளா வந்து நிக்கா."

"கேக்குத மாதிரி சொல்லணும்."

அவள் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பிரித்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் காய்ந்துபோன சந்தனம், குங்குமம்.

லிங்கராஜ் கையை நீட்டவில்லை. எந்தக் காகிதம் என்று அதன் மடிப்பிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கிழித்துப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். அந்த நேரம் பார்த்து யாரோ கால் கிலோ கருப்பட்டி கேட்டார்கள். கை எப்போதும் செய்வதைச் செய்துவிட்டது.

"படிக்க வேண்டாம்," என்றாள் செல்வி. "என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கும் ஆயுத பூசையில இருந்து தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா புதன்கெழம கடைய தொறந்திருவீங்க."

அவள் இரண்டு மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"முப்பத்தோரு தடவ கூட்டிட்டு வந்திருக்கீங்க. எட்டு, தெரியாம வந்தது. இருபத்தி மூணு, தெரிஞ்சே வந்தது. எதுக்குக் கூட்டிட்டு வாரீங்கன்னு தெரிஞ்சும் சிரிச்சேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அத நெனச்சாத்தான் எனக்கே கேவலமா இருக்கு."

"செல்வி, நான் வந்து..."

"எங்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். நான் ஒங்கள மன்னிக்கணும்னு இங்கன வந்து உக்காரல. நான் வாய மூடிக்கிட்டேன், அதுக்கு வெலையா கடலப் பாத்தேன். அது ஒங்களுக்கும் எனக்கும் முடிஞ்சு போச்சு. இப்ப எம்பிள்ள உள்ள போறா. ஒங்களுக்கு ஒத்து வரலன்னு நம்பிப் போறா." இருமல் வந்து பேச்சை மறித்தது. ரெக்சன் இரண்டடி முன்னால் வந்து நின்றான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "நானே அவளுக்குச் சொல்லிருப்பேன். கட்டினவனக் காட்டிக்குடுத்தேன்னு இருக்க வேண்டாம்னு பாக்கேன். நீங்களே சொல்லுங்க. சொல்லி முடிச்ச ஒடனே வண்டியில ஏறுதேன். எனக்கும் ஒண்ணும் சாவ ஆச இல்ல."

"அவ என்ன நெனப்பா, செல்வி? அதுக்கப்புறம் எம்முகத்துல முழிப்பாளா?"

"முழிக்க மாட்டா," என்றாள் அவள், சாதாரணமாக.

கடல் பக்கத்திலிருந்து காற்று அடித்து அவள் கையிலிருந்த காகிதம் படபடத்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு துளி வெளிச்சம் அவள் சேலையில் விழுந்து ஆடியது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பார்த்தாலும் முக்கால் மணி நேரம். அவள் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது. லிங்கராஜ் போனை எடுத்தான். விரல் இரண்டு தடவை தவறான பெயரில் பட்டது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? அம்மா எந்திரிச்சாச்சா? எம்பேர முன்னாடியே கூப்பிடப் போறாங்களாம், சீக்கிரம் குடுங்க."

"ப்ரியா, நீ உள்ள போவாத."

"ஏன்? அம்மாவுக்கு என்ன?"

"அம்மா இங்கனதான் இருக்கா. நீ கையெழுத்துப் போடாத. பொருந்தலன்னு அன்னைக்கு டாக்டர் சொல்லல பிள்ள, நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நான் நெனைக்க விட்டுட்டேன்." செல்வி கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பொருந்திச்சும்மா. எல்லாமே பொருந்திச்சு. நாந்தான் மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."