சுவரில் நின்ற ஷாபூரின் இடது கை

யாரலி கானின் தோட்ட மாளிகைச் சுவரில் தீட்டப்பட்டிருந்த சாக்கி, பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸ் முடிந்த மூன்றாம் நாள் மதியம், மதுக் கிண்ணத்தைச் சுவருக்கு வெளியே நீட்டினான். கிண்ணம் நிறைய நிஜ மது இருந்தது. ஷிராஸில் அந்த வாரம் வெள்ளரிக்காய் மலிவு.

அந்த ஓவியத்தில் இருந்தது ஷாபூர். கானுக்கு மது ஊற்றிக் கொடுக்கும் சாக்கியாக அவர் சேர்ந்த புதிதில், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், ஓவியர் மீர் யாகூப் வரைந்தது. இப்போது ஷாபூருக்கு வலது கை நடுங்கியது. நவ்ரோஸ் விருந்தில் கானின் அங்கியில் பாதிக் கிண்ணம் கொட்டிவிட்டார். மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மனிதருக்கு அதைத் தவிர வேறு வேலை தெரியாது. சும்மா உட்கார்ந்தால் செத்துவிடுவோம் என்று மனைவி குல்ரங்கிடம் சொல்லி அழுதார். பாவம், உண்மையிலேயே பயந்திருந்தார். இந்த நேரம் பார்த்தா அவருடைய இருபது வயது உருவமே போட்டிக்கு வரவேண்டும்!

கானுக்குப் பரம சந்தோஷம். கையை நீட்டியவர், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாக்கி முதலில் தன் இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத கிண்ணத்தைக் குடித்துத்தான் கானின் அப்பா போய்ச் சேர்ந்தார். சுவரில் இருந்தவனுக்கோ இடது கை இடுப்புக் கச்சைக்குள் இருந்தது. பிசுபிசுத்த கையை யார் பார்க்கப் போகிறார்கள், உள்ளே செருகு என்று அன்று மீர் யாகூப்தான் சொன்னாராம். ஓவியர்களுக்கு சாக்கி என்றால் முகமும் இடுப்பும்தான்.

தொண்டு கிழமாகிவிட்ட மீர் யாகூபைத் தூக்கி வந்து, கையைத் திருத்தச் சொன்னார்கள்.

"மூணு தடவை கை போட்டேன், மூணு தடவையும் உள்ள இழுத்துக்கிட்டான். சாயம்தாங்க என்னோடது, பிடிவாதம் ஷாபூரோடது" என்று தூரிகையைக் கழுவிவிட்டார்.

யாரும் கூப்பிடாமலே ஷாபூர் முன்னால் வந்தார். நீட்டியிருந்த கிண்ணத்திலிருந்து தன் இடது உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். அந்தக் கை நடுங்கவில்லை. கான் நூறு மூச்சு எண்ணிவிட்டுக் குடித்தார். வீட்டுக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. ஒன்பது வருடம் சின்னவன் ஊற்றினான், பெரியவர் ருசித்தார். பார்க்க வந்த குல்ரங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இந்த மூக்கு யாரோடதுங்க? உங்களுக்குக் கல்யாணத்தன்னைக்கே பெருசாச்சே!"

ஷாபூருக்கு வெட்கம் தாங்கவில்லை. மற்றபடி அவளுக்கு ஒரே குறைதான். தினமும் கையைத் துடைக்காமல் வந்து தலையணை உறையெல்லாம் சிவப்பாக்குகிறார் என்று.

பத்தாம் வருடம், பாதாமிப் பழம் முடியும் பருவத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்த ஷாபூர் எழுந்திருக்கவில்லை. அன்று மாலை சுவர்ச் சாக்கியின் இடது கை கச்சையிலிருந்து வெளியே வந்திருந்தது. உள்ளங்கை விரிந்து, ஈரமாக இருந்தது. கான் அதைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கி, எதுவும் எண்ணாமல் குடித்தார்.

ஏழாம் நாள் குல்ரங் வந்தாள். சுவரருகே போய், முக்காட்டு நுனியால் அந்த உள்ளங்கையை விரல் விரலாகத் துடைத்தாள்.

"இத்தனை வருஷம் சொல்லியும் கை துடைக்க வரலியே உங்களுக்கு" என்றாள்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை ஈரத்துணியோடு வருவாள். வாசல் காவலர்கள் எதுவும் கேட்பதில்லை.