சம்பந்தி வாயில் மேல்வரிசை

காலமெல்லாம் ரயில் நிலையத்தில் வண்டிகளை அறிவித்து ஓய்வுபெற்றவள் அந்த அம்மாள். அவள் குரல் கேட்டு, கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிய கணவன்மார்கள்கூடப் பெட்டியோடு வீடு திரும்பியதுண்டு. அப்படிப்பட்டவளின் மேல்வரிசைப் பல்செட் உடைந்து, ரிப்பேருக்குப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தல். அவளை எதிர்த்து நிற்பவர் அவளுடைய சம்பந்தி, மாப்பிள்ளையைப் பெற்ற புண்ணியவான். லிஃப்ட் ரிப்பேரைக் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிவைத்தே தலைவர் நாற்காலியைத் தேய்த்தவர். பேசினால் ஆளைக் கிழித்துத் தொங்கவிடலாம். பேசப் பல் வேண்டுமே!

பல் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் போன் நம்பரைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு பதிவு வந்தது.

"நேத்தே வாங்கிட்டுப் போயிட்டீங்களே ஆன்ட்டி."

அம்மாள் வாயைத் திறந்து காட்டினாள். பின்னால் காத்திருந்தவர்களுக்கும் குறை இருக்கக் கூடாதென்று ஒரு சுற்றுத் திரும்பியும் காட்டினாள்.

"கொடுத்தாச்சுன்னு சிஸ்டத்துல இருக்கே..."

கூட வந்த மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினான். அந்த சிஸ்டத்தை எழுதிக் கொடுத்ததே அவன்தான். அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டு வீட்டுச் சுவருக்கே காது வலித்தது.

"சிஸ்டம் தப்பு பண்ணாது அத்தை. ஒவ்வொரு பேஷண்டுக்கும் டேட்டாபேஸ்ல ஒரு டாக்குமெண்ட். போன் நம்பரைக் கொடுத்தா, அந்த நம்பர் இருக்கிற டாக்குமெண்டைப் படக்குனு எடுத்துக் கொடுக்கும். 'ஃபைண்ட் ஒன்'னு பேரு, ஒண்ணைத் தேடி எடுன்னு அர்த்தம்."

"யாரு நம்பர் மாப்பிள்ளை?" காற்றையும் எச்சிலையும் கழித்தால் அவள் கேட்டது இதுதான்.

"என் நம்பர்தான். நீங்க மெசேஜ் பார்க்க மாட்டீங்கன்னு கொடுத்தேன். அப்பாவும் இங்கதான் பல் கட்டுறாரு, அவருக்கும் அதேதான்."

"அப்ப ஒரே நம்பர்ல ரெண்டு பேரு."

"ஆமா. ஆனா முதல்ல கிடைக்கிறதோட அது நின்னுடும் அத்தை. அதான் அவ்வளவு வேகம்."

"முதல்ல கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டு வேற யாருமே இல்லைன்னு இருந்துடும்? உங்களுக்குப் பொண்ணு கொடுத்தப்ப நாங்களும் அதைத்தான் செஞ்சோம்."

வரவேற்புப் பெண் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"ஒண்ணைக் கேட்காதீங்க. எல்லாத்தையும் கேளுங்க," என்றாள் அம்மாள்.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து ஏதோ மாற்றினான். இரண்டு பதிவுகள் வந்து விழுந்தன. முதலில் அம்மாள்: கொடுத்தாகிவிட்டது. அடுத்து சம்பந்தி: தயார், இன்னும் வாங்கவில்லை.

நேற்று வந்து நம்பர் சொன்னவர் சம்பந்தி. சிஸ்டம் காட்டியது அம்மாளின் பதிவை. போனது அம்மாளின் பல்.

"பதிவு மேல பேரைப் படிக்கலையாம்மா?"

"ஒண்ணுதானே ஆன்ட்டி வந்துச்சு! ரெண்டு வந்தாத்தானே படிப்போம்?"

வாங்கப்படாமல் இருந்த சம்பந்தியின் பல் பெட்டியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அம்மாள் நடந்தாள்.

கூட்டத்தில் சம்பந்தி ஏற்கனவே முழங்கிக்கொண்டிருந்தார். சொல் கிழக்கே போனால் பல் மேற்கே போயிற்று. 'சங்கம்' என்று அவர் சொன்னபோதெல்லாம் விசில் பறந்து, வாசலில் நின்ற ஆட்டோ ஒன்று நகர்ந்து முன்னே வந்தது. புதுப் பல் பழகவில்லை என்று மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். பிறத்தியார் பல் என்று தெரிந்துகொள்ளவும் ஒரு மூளை வேண்டும் அல்லவா?

அம்மாள் நேராக மேடை ஏறினாள்.

"சம்பந்தி, இவ்வளவு நேரம் நீங்க உளறினது என் பல்லால. கழட்டுங்க."

"என்ன... என்ன பேச்சு இது?"

"கழட்டிடுங்கப்பா," என்றான் மகன், தரையைப் பார்த்தபடி.

கழன்று வந்த பல்லை அம்மாள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். திருப்தியாகவில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரால் மறுபடி தேய்த்துவிட்டு வாயில் பொருத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். நடுவில் நிற்கும் லிஃப்டையும், நாற்றமடிக்கும் தண்ணீர்த் தொட்டியையும், அதற்கெல்லாம் காரணமான மகானையும், தாமதமாக வரும் வண்டிகளை அறிவிப்பதுபோல நிறுத்தி நிதானமாக அறிவித்தாள். கைதட்டலில் மைக்கே அதிர்ந்தது.

"எதிர்ப் பேச்சு இருக்கா?" என்று தேர்தல் நடத்தியவர் கேட்டார்.

சம்பந்தி துள்ளி எழுந்தார். வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"பெட்டி பத்திரமா என்கிட்டதான் இருக்கு சம்பந்தி," என்றாள் அம்மாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. "ஓட்டு எண்ணி முடியட்டும், தர்றேன்."