சீலிங்கில் கறுப்பு வெல்வெட்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத்தில், எங்கள் பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை முழுக்க 'டக், டக்' என்று ஸ்டேப்ளர் சத்தம். நான் வேறொரு கதையை, அதுவும் கடலைப் பற்றிய கதையை, எழுதிக்கொண்டிருந்தேன். கடல் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று எழுந்து போனேன். ஏணி மேல் வீட்டுக்காரர் ஆர்விட். கீழே துணியைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய மனைவியின் தம்பி டுவேன். ஹோம் தியேட்டரின் வெள்ளைச் சீலிங்கில் கறுப்பு வெல்வெட்டைத் துண்டு துண்டாக அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நானும் ஒரு ஓரத்தைப் பிடித்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது. நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியை எழுதி எழுதிப் பார்த்தேன்.

"ஜனவரிப் பனி ஜன்னலை மூடியிருந்த அந்தக் காலையில்..." (பனி இல்லாமல் தொடங்கும் டுலூத் கதை உண்டா? வேண்டாம்.)

"இருட்டைக் கடையில் வாங்கி வரும் மனிதர்கள்..." (தத்துவம் பேசுகிறது. அடித்துவிட்டேன்.)

"மார்லிஸுக்கு முகங்கள் தெரியவில்லை."

இதுதான். இதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. உங்களிடம் எதற்கு அந்த வித்தையெல்லாம்? மார்லிஸ் ஆர்விட்டின் மனைவி. அவருடைய விழித்திரை நடுவிலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேரே இருப்பது கலங்கிப்போகும். சினிமா என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. இப்போது திரையில் அழுவது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். எவ்வளவு தெரிகிறது என்று ஆர்விட் ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டர் கேட்டபோதே, "ஓ, நல்லாத்தான் தெரியுது" என்றவர் மார்லிஸ். வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு" என்று சொல்கிற ஊர் இது.

ஆர்விட் எங்கோ படித்திருந்தார். திரையின் வெளிச்சம் வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பவும் திரையிலேயே விழுகிறதாம். அதனால் கறுப்பு சாம்பலாகி, முகங்கள் வெளுத்துப்போகின்றனவாம். மேலே கறுப்புத் துணி அடித்தால் முகம் எடுப்பாகத் தெரியுமாம். அது போதும் அவருக்கு. ஆனால் மனைவியிடம் சொன்ன காரணம் வேறு.

"ஐஸ் ஹாக்கி பார்க்கத்தான். அந்தக் குட்டி வில்லை கண்ணுக்கே சிக்க மாட்டேங்குது."

"ஹாக்கிக்காக என் சீலிங்கைக் கறுப்பாக்குவியா? குகைக்குள்ள குடித்தனம் பண்ணணுமா நான்?"

"குகைன்னா கரடிக்கு வசதியா இருக்கும்ல."

"அதான் கரடி ஏற்கெனவே குடிவந்தாச்சே!"

(இந்த ஊர்ப் பக்கம் பெண்டாட்டியும் புருஷனும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தமிழில் எழுதும்போது மார்லிஸ் வாயில் ஒரு 'ஏங்க' வந்து உட்கார்ந்துகொண்டது. துரத்திவிட்டேன்.)

3

டுவேன்மீது எனக்குச் சந்தேகம். இவர் கதைக்குத் தேவையா? முதல் பிரதியில் அவரை வாயாடியாக்கினேன். ஒட்டவில்லை. நான் பார்த்த டுவேன் வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயப்படுகிற மனிதர். எடுத்துவிடலாம் என்றால், தலைக்கு மேல் துணி அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் அடிக்க முடியும். சரி, இருக்கட்டும் மனிதர்.

வெல்வெட்டின் ரோமம் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். அந்தப் பக்கம் தடவினால் வழுவழுவென்று போகும். எதிர்ப்பக்கம் தடவினால் பூனையின் முதுகைப் போலச் சிலிர்த்துக்கொள்ளும். எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். ஒன்று திரும்பிப்போனாலும் விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும் வெளிறித் தெரியும். ஆர்விட் மூன்றாவது துண்டைத் திருப்பி அடித்துவிட்டார். டுவேன் முதல் ஸ்டேப்ளர் பின் இறங்கும்போதே கவனித்துவிட்டார். ஆனால் சொல்லவில்லை. இன்னொருவர் வீட்டில், ஏணி மேல் நிற்கிற மனிதரிடம், "நீ செய்யறது தப்பு" என்று சொல்கிற பழக்கம் இங்கே கிடையாது.

எல்லாம் அடித்து முடித்து ஆர்விட் இறங்கினார்.

"எப்படி இருக்கு?"

"வித்தியாசமாத்தான் இருக்கு."

இதைவிட மோசமான வசவு இந்த ஊரில் கிடையாது. ஆர்விட் அண்ணாந்து பார்த்தார்.

"அடச்சே! எப்ப பார்த்தே?"

"ஆரம்பத்துலயே."

"அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

(டுலூத்தில் ஏது கொழுக்கட்டை என்று கேட்காதீர்கள். அவருடைய எரிச்சலுக்கு என்னிடம் இருக்கிற சொல் அதுதான்.)

"பிரிச்சிடலாமா?" என்றார் டுவேன்.

மாடிப்படியில் மார்லிஸின் காலடி கேட்டது. ஏணியில் ஏறப் போன ஆர்விட் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. மார்லிஸ் கண்ணுக்கு அந்த வெளிறல் தெரிந்தால், கேலி செய்யாமல் விடமாட்டார். கேலி செய்யாவிட்டால்... (இந்த வாக்கியத்தை ஆர்விட் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.) இத்தனை மாதமாகக் கேட்கப் பயந்த கேள்விக்குச் சீலிங்கே பதில் சொல்லப்போகிறது. "இருக்கட்டும், விடு" என்று டுவேனுக்குக் கையைக் காட்டினார்.

4

இங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் முடிவு: மார்லிஸ் அண்ணாந்து பார்த்து, "அட, ஒரே கறுப்பு! பிரமாதம்!" என்கிறார். ஆர்விட் சிரித்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். (எழுதிவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.)

இரண்டாவது முடிவு: "மூணாவது துண்டு திரும்பியிருக்கே, கண்ணு தெரியலயா உனக்கு?" என்கிறார் மார்லிஸ். ஆர்விட் சந்தோஷத்தில் குதிக்கிறார். டுவேன் தன் ஷூவைப் பார்க்கிறார். ஏனென்றால் சற்றுமுன் காபி எடுக்க மேலே போனவர் அக்கா காதில்... (நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை பேர் சேர்ந்து அந்த மனிதரை ஏமாற்ற வேண்டுமா? காபியை ரத்து செய்துவிட்டேன். டுவேன் பேஸ்மென்ட்டை விட்டு நகரவே இல்லை.)

5

அடுத்து வருவது நான் திட்டம் போட்டது இல்லை. மார்லிஸ் தானாகச் செய்தது.

எலுமிச்சை கேக் தட்டோடு இறங்கி வந்தார். தட்டைக் கீழே வைத்தார். மேலே பார்க்கவே இல்லை. பேஸ்மென்ட் தாழ்வானது, மார்லிஸோ நல்ல உயரம். கையைத் தூக்கி உள்ளங்கையைத் துணியில் வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். முதல் துண்டு, இரண்டாவது துண்டு. மூன்றாவதில் கை நின்றது. முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்.

"இதைத் திருப்பிப் போட்டுட்டே, ஆர்விட்."

"கையாலயா பார்க்கறே..."

"ஆமா. கையாலதான் பார்க்கறேன்."

இந்த ஊர்க் கணக்குக்கு இது கூரை மேல் ஏறிக் கத்தியதற்குச் சமம். டுவேனுக்குக் கால் தரிக்கவில்லை. "கார் மேல பனி கிடக்கு, போய்த் தள்ளிட்டு வரேன்" என்று படியேறினார். காலையிலேயே தள்ளியாகிவிட்டது. ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

"பிரிச்சு மாத்திடறேன், மார்லிஸ். இப்பவே மாத்திடறேன்."

"வேண்டாம், விடு. என் நாற்காலி இதுக்கு நேர் கீழதானே இருக்கு? இனிமே இருட்டுல இதைத் தடவிப் பார்த்து முட்டிக்காம வந்து உக்காருவேன்." கையை இறக்கிக்கொண்டார். "ஹாக்கிக்காகப் போடலைதானே?"

"இல்ல."

"தெரியும். பொய் சொல்லத் தெரியாத கரடி நீ."

ஆர்விட் விளக்கை அணைத்துவிட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டார். சீலிங் இருந்த இடமே தெரியவில்லை. திரை நிறைய ஒரு பெண்ணின் முகம் வந்தது. அதுவரை வசனம் இல்லை, குரலை வைத்து யாரென்று சொல்ல வழியும் இல்லை. ஆர்விட் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பயமாக இருந்தது. பயந்துகொண்டே கேட்டார்.

"முகம் தெரியுதா, மார்லிஸ்?"

6

தெரிகிறது என்று எழுதினால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். தெரியவில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம்தான். கேட்கமாட்டேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டேன், அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அதனால் அவருடைய பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எது எழுதினாலும் சம்மதம். "ஓ, நல்லாத்தான் தெரியுது" என்ற அந்த வரியை மட்டும் அவர் வாயில் வைக்காதீர்கள். ஆர்விட் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். இனி அந்த வரி மார்லிஸுக்குத் தேவையில்லை.