பொருளற்ற ஒலிகள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மனிதருக்குப் பேச்சு கற்பிக்கும் படிப்பு, வரலாற்றில் முதன்முறையாக, மனிதர் யாரும் பக்கத்தில் இல்லாமலேயே நடைபெறும். இந்தப் புரட்சியைத் துணைவேந்தர் தம் வீட்டு வரவேற்பறையிலிருந்து அறிவித்தார். பாதி உரைக்கு அவருடைய மைக் அணைந்தே கிடந்தது. மாணவர்கள் மிகவும் ரசித்தது அந்தப் பாதியைத்தான்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி தரும் படிப்பு. இறுதியாண்டில் ஆளுக்கொரு நோயாளி, வாரம் இரண்டு முறை, செல்போன் திரையில். நோயாளிகளைக் கொடுத்த மருத்துவமனை வெகுதூரத்தில் இருந்தது. அந்த ஊர்ப் பேச்சு மாணவர்களுக்குப் பாதிதான் பிடிபட்டது. பிடிபடாதபோதெல்லாம் "நெட் சரியில்லைங்க, திரும்பச் சொல்லுங்க" என்று சமாளிக்க ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். அந்த ஆண்டு எல்லோரும் ஒழுங்காகக் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

பெஞ்சே இல்லாத அந்த வகுப்பிலும் ஒருத்திக்கு 'முதல் பெஞ்சு' என்று பட்டப்பெயர். துணி உலர்த்தும் கொடிக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவே நாற்காலி போட்டு, கேமராவுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் சுவரைத் துடைத்து வைத்திருந்தாள். அவளுக்கு வாய்த்தவர் ஒரு தையல்காரர். வலது கைக்கு அசைவு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு திரும்பவில்லை. போனைப் பிடித்தபடி பக்கத்தில் அவர் மனைவி.

"டாக்டரம்மா, ரொம்ப வேணாம். கடைக்கு வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசிட்டார்னா போதும். கடையைத் தொறந்துடுவோம்."

"நான் டாக்டர் இல்லைங்க. ஸ்டூடண்ட்."

"அதனால என்ன, ஆயிடுவீங்க."

பாடமுறை எளிது. ஐம்பது படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். நோயாளி பெயர் சொல்ல வேண்டும். விடை அட்டவணையில் உள்ள சொல் வந்தால் 'சரி'. அர்த்தமில்லாத உளறல் வந்தால் 'பொருளற்ற ஒலி'. அது மூளை தானாகக் கட்டிவிடும் போலிச் சொல், வளரவிடக் கூடாது. உடனே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தி, சரியான சொல்லைச் சொல்லித்தர வேண்டும்.

முதல் நாள் கத்திரிக்கோல் படத்தைக் காட்டினாள். தையல்காரர் முகம் மலர்ந்து, தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னார். அவள் கேள்விப்படாத சொல். உள்ளங்கையைக் காட்டினாள். "நிறுத்துங்க ஐயா. கத்திரிக்கோல். சொல்லுங்க." அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி திரையைப் பார்த்தாள்.

அன்று பதினோரு பொருளற்ற ஒலிகள். அடுத்த வாரம் ஏழு. பிறகு மூன்று. 'முதல் பெஞ்சு' கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்தாள். கோடு அழகாகச் சரிந்தது. 'சரி' என்ற கோடு மட்டும் எழும்பவே இல்லை.

எட்டாவது வகுப்பில் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"வீட்டிலயாவது ஏதாச்சும் பேசுறாராம்மா?"

"முன்ன பேசுவாரும்மா. தண்ணி கேப்பாரு, ஊசி கேப்பாரு. நீங்க செய்ற மாதிரியே நானும் கையைக் காட்டி நிறுத்திட்டேன். இப்ப சமத்தா இருக்காரு."

"ஊசி கேட்டாரா? என்னன்னு கேட்டாரு?"

மனைவி ஒரு சொல்லைச் சொன்னாள். பொருளற்ற ஒலிகளின் பட்டியலில் அது நான்காவதாக இருந்தது.

"கத்திரிக்கோலுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?" பட்டியலைப் பார்த்தபடியே கேட்டாள்.

மனைவி சொன்ன சொல் பட்டியலில் முதலாவதாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டதில், பதினொன்றில் ஒன்பது, அந்தத் தெருவில் எல்லோரும் புழங்குகிற சொற்கள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க படிச்சவங்க. அதோட எங்க பேச்சைக் கேட்டா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்கம்மா. சரி, நல்ல பேச்சாவே வரட்டும்னு இருந்துட்டேன்."

அன்று முதல் அந்த ஊர்ச் சொற்களை மனைவியிடம் கேட்டு எழுதி, மனப்பாடம் செய்து, 'முதல் பெஞ்சு' தானே உச்சரித்துக் காட்டினாள். கத்திரிக்கோல் படத்தைக் காட்டிக் கெஞ்சினாள். "தப்பு என்னோடதுதான் ஐயா. உங்களுக்குத் தெரிஞ்சபடியே சொல்லுங்க." மனைவியும் கெஞ்சினாள். "என்னங்க, ஒரு தடவை. எப்படி வேணா சொல்லுங்க." அவர் இடது கையால் போர்வையின் தையலை நீவிக்கொண்டிருந்தார். உதடு பிரியவில்லை. இப்படியே ஐந்து வாரம்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்துக்குப் பின்னால் கடற்கரைப் படம் ஒன்று அலையடித்துக்கொண்டிருந்தது.

"இதையெல்லாம் அறிக்கையில எழுதாதம்மா. அட்டவணையை மாத்தினா நாப்பது பேருக்கும் மாத்தணும். உன் கோட்டைப் பாரு, பொருளற்ற ஒலி பூஜ்யம்! எத்தனை வருஷமா இந்தத் துறையில இருக்கேன், இப்படி ஒரு பூஜ்யத்தை நான் பார்த்ததில்ல."

"சார், அவர் பேசறதையே விட்டுட்டார்."

"அது அட்டவணையில வேற கட்டம். அதை நாம அளக்கலையே."

தாளில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி, அதை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு மாதிரியாக வைத்துக்கொண்டார். தையல் இயந்திரத்தை அந்த மாதக் கடைசியில் விற்றுவிட்டார்கள்.